மணிக்கூட்டுக்கு ஒரு கமெரா

மேசையில் மூன்று கமெராக்கள் இருந்தன. நடுவில், பின்மூடி திறந்த சட்டைப்பை மணிக்கூடு ஒன்று. அது என் அப்பாவுடையது, ஓடாது. படம் பிடித்துப் பார்க்க ஓடாத மணிக்கூடு போதும் என்று எடுத்து வைத்திருந்தோம்.

மச்சான் ஒவ்வொரு கமெராவாகத் தூக்கி, மணிக்கூட்டுக்கு நேரே பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, கீழே வைத்து, திரும்பவும் தூக்கினார். வாயில் வெற்றிலை அப்படியே ஒரு கன்னத்தில் நின்றது. அவருக்குப் பயம் வந்தால் வெற்றிலையை மெல்லுவதை மறந்துவிடுவார்.

"நாளைக்குக் காலம்பற அரை மணித்தியாலம்தான் தருவாங்க," என்றார். "இதில எதக் கொண்டு போறதுகா?"

எனக்கும் தெரியவில்லை. தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் பழக்கமும் எனக்கு இல்லை. முதலில் வெற்றிலையைத் துப்பிவிட்டு வரச் சொன்னேன்.

இந்தத் தொடரில் இதுவரை மற்றவர்களின் குற்றங்குறைகளைத் தாராளமாக எழுதி வந்திருக்கிறேன். மச்சானைக்கூட விட்டு வைக்கவில்லை. இந்த வாரம் என் குற்றத்தை எழுத வேண்டியிருக்கிறது. எழுதாமலே விட்டுவிடலாமா என்று நாலைந்து வாரமாகத் தட்டிக் கழித்துப் பார்த்தேன். முடியவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம்

மட்டக்களப்புக்குக் கோச்சி ரயில் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த காலம். புளியந்தீவில், வாவிக் காற்று நேரே அடிக்கிற தெருவில் எங்கள் ஸ்டூடியோ. கடையும் வீடும் என் சீதனம். மச்சான் என் மாமன் மகன். எங்கள் ஊர் வழக்கப்படி கல்யாணம் முடித்து என் வீட்டுக்கு வந்தவர். அவர் படம் பிடிப்பார். நான் டச்சிங் செய்வேன்.

டச்சிங் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அப்போது படம் கண்ணாடித் தகட்டில்தான் விழும். அதைப் பிளேட் என்போம். பிளேட்டில் வெளிச்சம் இருட்டாகவும் இருட்டு வெளிச்சமாகவும் தலைகீழாக இருக்கும். அதைச் சன்னலோரம் சாய்த்து வைத்து, கூரான பென்சிலால் குழிகளை நிரப்பி, சின்னக் கத்தியால் புள்ளிகளைச் சுரண்டி எடுத்தால், கடதாசியில் அச்செடுக்கும்போது முகம் பளிச்சென்று வரும். மாப்பிள்ளை பார்க்க அனுப்பும் படங்களுக்கு என் கைதான் ராசி என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கும் தலை கொஞ்சம் வீங்கித்தான் இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் உதுமாலெவ்வை நானாவின் மணிக்கூடு திருத்தும் கடை. காத்தான்குடியிலிருந்து நாள்தோறும் வருவார். பருத்த மனிதர். ஒரு கண்ணில் செருகிய பூதக்கண்ணாடியைக் கழற்றாமலே தேத்தண்ணி குடிப்பார், கதைப்பார், சிரிப்பார். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். என் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது டாக்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவர் அவர்.

அந்த மனிதரைத்தான் கள்ளன் என்று பொலிஸ் கொண்டு போனது.

கரடியனாற்றுப் பக்கத்துப் போடியார் ஒருவர் தன் தங்க மணிக்கூட்டைத் தொலைத்திருந்தார். நூற்றுக்கணக்கான ஏக்கர் வயலுக்குச் சொந்தக்காரர். நானாவின் கண்ணாடிப் பெட்டிக்குள் அதே மாதிரி ஒன்றைக் கண்டார். இது என்னுடையது என்று சத்தியம் பண்ணினார். அவர் பொய் சொன்னார் என்று நான் இப்போதும் சொல்ல மாட்டேன். அவர் உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். அதுதான் பெரிய கரைச்சலாய்ப் போயிற்று.

நானாவோ, இதைக் கொழும்பில் மணிக்கூடு திருத்துகிற ஒருவரிடம் வாங்கினேன் என்றார். வாங்கியதற்கான ரசீதுத் துண்டைக் கறையான் தின்றுவிட்டது. ஆனால் ஒரு சாட்சி மிச்சமிருந்தது. மணிக்கூடு திருத்துகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும், பின்மூடியின் உட்பக்கத்தில், ஊசி முனையால் தங்கள் எழுத்தையும் ஒரு நம்பரையும் பொடியாகக் கீறி விடுவார்கள். அந்த நம்பர் அவர்களுடைய புத்தகத்தில் இருக்கும். சொந்தக்காரனுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அடுத்த திருத்துகிறவன் கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

நீதிமன்றக் கிளாக்கர் அந்த எழுத்தையும் நம்பரையும் பார்த்து எழுதிக் கொழும்புக்கு அனுப்பினார். கொழும்புக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. கீறுவதும் கையெழுத்து மாதிரி, என் கையா என்று நான் கண்ணால் பார்க்க வேண்டும், வேறொருவர் பார்த்து எழுதியதை வைத்து நான் சாட்சி சொல்ல முடியாது என்று பதில் போட்டார். மணிக்கூட்டைத் தபாலில் அனுப்ப நீதவான் சம்மதிக்கவில்லை. படம் பிடித்து அனுப்பலாம் என்றார்.

வியாழக்கிழமை காலை படம். அடுத்த புதன் விசாரணை. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை நானாவின் மூத்த மகள் றகுமாவுக்கு நிக்காஹ். புதனன்று நானா வெளியே வராவிட்டால் வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வர மாட்டார் என்று மாப்பிள்ளை வீட்டார் ஆள் விட்டுச் சொல்லியிருந்தார்கள். பிணையும் கிடைக்கவில்லை. நானா மறியலில், சிறைக்குள் இருந்தார்.

மூன்று பெட்டிகள்

இனி அந்த மேசைக்கு வருகிறேன்.

முதலாவது, மிஷன் பள்ளி வாத்தியாரிடம் இரவல் வாங்கிய பெட்டிக் கமெரா. ஆறு அடிக்கு இந்தப் பக்கம் வந்தால் அதற்குக் கண் தெரியாது. ஆறு அடியில் வைத்தால் மணிக்கூடு மிளகளவுதான் விழும். அதை மச்சான் அரை மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டேன்.

இரண்டாவது, தெருப்போடுகிற கந்தோர் இஞ்சினியர் தந்த மடக்குக் கமெரா. கறுப்புத் தோல், வெள்ளி விளிம்பு, விரலால் அழுத்தினால் மலர்ந்து நிற்கும். அதைத் தொட்டதும் மச்சானின் முகமே மாறிப்போயிற்று. மூன்றடி வரை கிட்டப் போகும். அதற்கு முன்னால் நானாவின் பூதக்கண்ணாடியை ஒட்டினால் இன்னும் கிட்டப் போகலாம் என்று கண்டுபிடித்தார். ஒட்டிப் பரீட்சித்தோம். நடுவில் மயிரிழை தெளிவாகத் தெரிந்தது. ஓரமெல்லாம் நெய்யாய் உருகிக் கிடந்தது. போதாததற்கு, கமெராவின் பார்வைத் துளை மேலே இருக்க லென்ஸ் கீழே இருந்ததால், மணிக்கூடு நடுவில் இருக்கிறது என்று நினைத்துப் பிடித்தால் பாதி மணிக்கூடுதான் விழுந்தது.

மூன்றாவது எங்கள் சொந்த ஸ்டாண்ட் கமெரா. தேக்குப் பெட்டி, பித்தளைக் குமிழ், நடுவில் துருத்தி. தூக்க இரண்டு பேர் வேண்டும். ஆனால் அதில் ஒரு வசதி: பின்னாலுள்ள பால் கண்ணாடியில் எது தெரிகிறதோ அதுவே பிளேட்டில் விழும். பாதி மணிக்கூடு என்ற பேச்சுக்கே இடமில்லை.

மச்சானுக்கு அதைக் கொண்டுபோக வெட்கம். நீதிமன்றத்தில் எல்லாரும் பார்ப்பார்கள், கூத்துக்குப் பெட்டி தூக்கிப் போகிற மாதிரி இருக்கும் என்றார். அதோடு, கிட்டப் போகப் போகத் துருத்தியை நீட்ட வேண்டும். எங்கள் துருத்தி முழுதும் நீட்டியும் மணிக்கூடு கலங்கித்தான் தெரிந்தது.

"துருத்தி காணாது. இது சரிவராது," என்று கை கழுவப் பார்த்தார்.

நான் பால் கண்ணாடியில் கண்ணை வைத்தபடி நின்றேன். எங்களிடம் சின்னப் படங்களுக்கென்று ஒரு குட்டை லென்ஸ் இருந்தது. பெரிய லென்ஸுக்குத்தான் நீளத் துருத்தி வேண்டும். குட்டை லென்ஸுக்கு இருக்கிற துருத்தி போதாதா என்று கேட்டேன். அவர் போய் அதை எடுத்து வந்து, அட்டையில் துளை வெட்டிப் பொருத்தினார். துருத்தியை முழுதும் இழுத்தார். துணிக்குள் தலையை விட்டவர் வெளியே வரவில்லை.

"என்ன மச்சான்?"

"இஞ்ச வந்து பாருகா," என்றார். குரல் மாறியிருந்தது.

பால் கண்ணாடியில் என் அப்பாவின் மணிக்கூட்டு மூடி உள்ளங்கையளவு நின்றது. அதில் யாரோ ஒருவன் எப்போதோ கீறிய எழுத்துகள் எறும்பு வரிசை மாதிரித் தெரிந்தன. அப்பா சாகும்வரை அப்படி ஒன்று அதற்குள் இருப்பதை அறிந்திருக்க மாட்டார்.

ஸ்டாண்ட் கமெராதான் என்று முடிவாயிற்று. இதிலே எனக்குப் பெருமை. மறைப்பானேன்.

அரை மணித்தியாலம்

நீதிமன்றத்துக்கு நானும் போனேன். பொம்பிளை எதற்கு என்று வாசலில் கேட்டார்கள். துணி பிடிக்க என்றார் மச்சான். அது உண்மைதான். மூடியின் உட்புறம் கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. கமெராவும் மச்சானின் மூக்கும் அதில் தெரிந்தன. ஆகவே நான் ஒரு கறுப்புத் துணியைக் கமெராவுக்கு முன்னால் விரித்துப் பிடித்தேன். லென்ஸுக்கு மட்டும் ஒரு துளை. வாவிப் பக்கத்துச் சன்னலிலிருந்து வெளிச்சம் பக்கவாட்டில் விழ, மூடி கறுத்து, கீறல்கள் மட்டும் வெள்ளையாக எழும்பின.

பிளேட் இரண்டுதான் கொண்டு போயிருந்தோம். முதலாவதை எடுக்க லென்ஸ் மூடியைக் கழற்றி மச்சான் எண்ணிக்கொண்டிருந்தபோது, சப்பாத்துப் போட்ட பியோன் ஒருவர் பலகைத் தரையில் தடதடவென்று நடந்து போனார். கமெரா ஆடியது. நான் அந்த மனிதனைப் பார்த்த பார்வையில் அவர் திரும்பி வரவேயில்லை.

இரண்டாவது பிளேட். கிளாக்கர் கையில் கடிகாரத்தோடு நின்றார். நான் மூச்சு விடவில்லை. மச்சானின் உதடு மட்டும் அசைந்தது. இருபது வரை எண்ணி மூடினார். நேரம் முடிந்துவிட்டது.

பின்னேரம் இருட்டறையில் கழுவினோம். முதலாவது கலங்கிப் போயிருந்தது. இரண்டாவது, என்ன சொல்ல, அவ்வளவு அருமையாக விழுந்திருந்தது. இரண்டு எழுத்து, நாலு இலக்கம், கடைசி இலக்கம் ஏழு. மச்சான் அந்த ஈரத் தகட்டைப் பிடித்தபடி சிரித்தார். றகுமாவின் கல்யாணத்துக்கு என்ன சேலை உடுப்பது என்றுகூட நான் யோசித்தேன்.

என் கத்தி

எங்கள் கடையில் பிளேட் காய்ந்ததும் நேரே என் மேசைக்கு வரும். யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதுவும் அப்படித்தான் வந்தது.

நான் உட்கார்ந்தேன். எழுத்தும் இலக்கமும் தெளிவாக இருந்தன. ஆனால் அவற்றைச் சுற்றி மூடி தேய்ந்த சிராய்ப்புகள், தூசுகள். இந்த ஊத்தையெல்லாம் போனால் எழுத்து இன்னும் பளிச்சென்று தெரியுமே என்று தோன்றியது. நானாவுக்கு என்னாலான உதவி. கத்தியை எடுத்தேன். பென்சிலால் செய்ததைத் துடைத்து அழிக்கலாம். கத்தியால் சுரண்டியது போனதுதான். அது எனக்குத் தெரியாததா? கையைத்தான் பழக்கிவிட்டிருந்தேனே.

வெள்ளி காலை, அச்செடுத்த படத்தை மச்சான் மறியலுக்குக் கொண்டுபோய் நானாவிடம் காட்டினார். கொஞ்ச நேரத்தில் ஓடி வந்தார். வெற்றிலை கன்னத்தில் நின்றது.

நானா படத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாராம். பிறகு, ஏழுக்குக் கீழே சாய்வாக ஒரு குட்டிக் கீறல் இருந்ததே, அது எங்கே என்று கேட்டாராம். எழுத்தையும் நம்பரையும் யாரும் போடலாம், கடைசியில் இழுக்கிற அந்த வால்தான் கொழும்புக்காரரின் கை என்றாராம். நானாவும் தன் அடையாளத்தின் முடிவில் ஒரு வால் இழுப்பார். அது இல்லாமல் போனால் அந்த மனிதர் என்னுடையதில்லை என்று எழுதிவிடுவார், பிறகு நான் முடிஞ்சன் என்று சொல்லி அழுதாராம்.

நான் எழும்பவில்லை. அந்தக் கீறலை நான் கண்டிருந்தேன். கண்டுதான் சுரண்டினேன்.

மச்சான் என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லி ஆறியிருப்பேன். விளக்கம் எழுதி அனுப்பலாமா என்று நான் கேட்டேன். கத்தி வைத்தோம் என்று நாங்களே எழுதினால் பிறகு படத்தை யார் நம்புவான் என்றார் அவர். நீதவான் கல்முனைப் பக்கம் போயிருந்தார், புதன்கிழமைதான் வருவார். மீண்டும் படம் பிடிக்க அதற்கு முன் அனுமதி வாங்க வழியில்லை.

"நீ கீறினா ஆருக்கும் தெரியாது," என்றார் மெதுவாக.

அதுவும் உண்மை. கூரான பென்சிலால் ஒரே ஒரு இழுவை. என் கைக்கு அது ஒன்றுமேயில்லை. மறுநாள் பின்னேரம் கோச்சியில் தபால் போய்விடும். பொய்யுமில்லையே, இருந்ததைத்தானே வைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பென்சிலைக் கையில் எடுத்துச் சீவினேன். சீவிச் சீவி முனை ஊசியாகியும் சீவிக்கொண்டே இருந்தேன்.

காத்தான்குடியில்

சனிக்கிழமை விடிந்ததும் வண்டி பிடித்துக் காத்தான்குடிக்குப் போனேன். இதை நான் தனியே தீர்மானிக்கப் பயந்தேன் என்பதுதான் நிசம்.

றகுமா பன்பாய் இழைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் இருக்கப் பாய். உள்ளே அவளுடைய உம்மா, நானாவின் மனைவி, அழுகிற சத்தம் கேட்டது. நான் போன கையோடு எல்லாவற்றையும் சொன்னேன். கத்தியையும் சொன்னேன், பென்சிலையும் சொன்னேன். அவள் கை நின்றது.

"அந்தக் கீறல நீங்க கண்டீங்களா அக்கா?"

"கண்டன்."

"எந்தப் பக்கம் சரிஞ்சிருந்த?"

வாயைத் திறந்தேன். இடது என்று சொல்ல வந்தது. பிறகு வலது என்று பட்டது. பிளேட்டில் எல்லாம் தலைகீழ், இடம் வலமாகத் தெரியும். எந்தப் பக்கமிருந்து பார்த்தேன் என்பதே குழம்பிப் போயிற்று.

"நினைவில்ல புள்ள," என்றேன்.

"அப்ப கீறாதீங்க. இப்ப வாப்பா கள்ளன் இல்ல. நீங்க கீறி அது பிழைச்சா கள்ளன்தான்."

வெள்ளிக்கிழமையைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவளுக்குத் தெரியாமலா சொன்னாள்? குனிந்து பாயை இழைக்கத் தொடங்கினாள். நான் வண்டியில் ஏறி, வாவிக்கரை முடியும் வரை அழுதுகொண்டே வந்தேன்.

நானா பேசினார்

புதன்கிழமை நான் சாட்சிக் கூட்டில் ஏறி உண்மையைச் சொன்னேன். மொழிபெயர்க்கும் முதலியார் இங்கிலீசில் சொல்லச் சொல்ல நீதவான் எழுதினார். யார் சுரண்டச் சொன்னது என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை, ஊத்தை என்று நினைத்தேன் என்றேன். போடியாரின் வக்கீலான புறக்டர் சிரித்துவிட்டு, தங்களுக்கு வேண்டியபடி கத்தி வைத்துப் பார்த்து, சரிவராததால் இப்போது கதை மாற்றுகிறார்கள் என்றார். நீதவானின் முகம் இறுகியது. என்னால் இந்த மனிதனுக்கு வருஷக்கணக்கில் மறியல் கிடைக்கப் போகிறது என்றே நினைத்தேன்.

அப்போது நானா பேசினார்.

"ஐயா, என்ட முகத்தப் பாருங்க."

எல்லாரும் பார்த்தோம். அந்த முகம் முழுக்க அம்மைத் தழும்பு.

"இவங்கட கடையில நான் ஒரு படம் பிடிச்சன். அதில என்ட முகம் பீங்கான் கோப்ப மாதிரி. ஒரு தழும்பில்ல. நான் எடுக்கச் சொல்லவுமில்ல. தங்கச்சிட கை அப்படித்தான், சும்மா இருக்காது."

மச்சான் கடைக்கு ஓடிப்போய் அந்தப் படத்தைக் கொண்டு வந்தார். நீதவான் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. போடியார்கூடக் குனிந்து மீசையைத் தடவினார். இன்னொரு படம் பிடிக்கலாம், பிளேட் காய்ந்ததும் நேரே நீதிமன்றத்துக்கு வர வேண்டும், இந்தப் பெண் அதைத் தொடவே கூடாது என்று உத்தரவாயிற்று. விசாரணை இரண்டு வாரத்துக்குத் தவணை போயிற்று.

நானா திரும்ப மறியலுக்குப் போனார். வெள்ளிக்கிழமை வந்தது, போனது. மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை. அடுத்த மாதமே அந்தப் பையனுக்கு வேறிடத்தில் கல்யாணம் நடந்தது.

இரண்டாவது படத்தை மச்சான் தனியே போய் எடுத்தார். அது கொழும்புக்குப் போயிற்று. பதில் வந்தது: அடையாளம் என்னுடையதுதான், மணிக்கூட்டை நானே உதுமாலெவ்வைக்கு விற்றேன், புத்தகத்தில் இருக்கிறது. நீதவான் அதை வாசித்துவிட்டு நானாவைப் போகச் சொன்னார். போடியாரின் மணிக்கூடு எங்கே போயிற்று என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

கொழும்பிலிருந்து வந்த துண்டு

சில நாள் கழித்து எங்கள் கடைக்கு ஒரு கடிதம் வந்தது. கொழும்புக்காரர்தான் இங்கிலீசில் எழுதியிருந்தார். மச்சான் மூன்று முறை வாசித்துவிட்டுத்தான் எனக்குத் தமிழில் சொன்னார். படம் வெகு தெளிவாக இருந்ததாம். எழுத்தையும் நம்பரையும் கண்டவுடனே தன் கை என்று தெரிந்ததாம். ஏழின் கீழே இருக்கும் கீறல் மட்டும் தன்னுடையதில்லையாம். மூடி திறக்கையில் நகமோ ஊசியோ பட்டிருக்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று எழுதியிருந்தார்.

நான் சுரண்டிய படமே போதுமாக இருந்திருக்கிறது. அதை அன்றைக்கே அனுப்பியிருந்தால் புதன்கிழமை நானா வெளியே. வெள்ளிக்கிழமை நிக்காஹ். நானும் மச்சானும் நானாவும் சேர்ந்து, வெறும் சிராய்ப்புக்குக் கைகட்டி நின்றிருக்கிறோம்.

றகுமாவிடம் போய்ச் சொன்னேன். சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

"அப்ப அண்டைக்கே அனுப்பியிருக்கலாம்," என்றாள்.

"ஓம்."

அவள் என்னை அடித்திருந்தாலும் நான் வாங்கியிருப்பேன். கடைசியில், "வாப்பாக்குச் சொல்லாதீங்க அக்கா," என்றாள். "அந்தக் கீறலாலதான் வெளிய வந்தன் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியிறார். தன்ட பேச்சாலதான் என்ட கல்யாணம் நிண்டது எண்டு கேட்டா என்னைப் பார்க்க மாட்டார், முகம் விழுந்திரும்."

ஒன்றரை வருஷம் கழித்து அவள் ஏறாவூரில் கல்யாணம் முடித்தாள். நல்ல மனிதர். உன் பிழையால் அவளுக்கு நல்லதுதானே நடந்தது என்று மச்சான் சாகும்வரை சொன்னார். நான் அதை ஏற்றுக்கொண்டதே இல்லை. இப்போது நானாவும் இல்லை. எழுதட்டுமா என்று றகுமாவைக் கேட்டுக் கடிதம் போட்டேன். எழுதுங்கள் என்று ஒரே வரியில் பதில் வந்தது.

நானா அதற்குப் பிறகு பல வருஷம் பக்கத்துக் கடையில் இருந்தார். பழைய பருமன் திரும்பவில்லை. புதிதாக யார் மணிக்கூடு கொண்டு வந்தாலும் அந்தக் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்வார். பொய்க் கீறல் கீறாத பொம்பிளை என்று என்னைப் புகழ்வார். கதை முடிகிற இடத்தில் சுவரில் தட்டிக் கூப்பிடுவார். நான் கைவேலையை வைத்துவிட்டுப் போய் வாசலில் நிற்பேன்.

"தங்கச்சி, நீங்களே சொல்லுங்க. அந்தக் கீறல் மட்டும் இல்லாட்டி என்ட கதி என்ன?"

"மறியலிலதான் கிடந்திருப்பீங்க நானா," என்பேன்.